காற்று மாறும் நேரம்

மடத்துக்குளத்துக்காரர்களுக்குக் காற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் மேல்காற்று வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை ஓயாது. காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு அந்த மாதங்களில் விடுப்பு கிடையாது. அதனால் சீசனுக்கு முன்பே, பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடு தொண்டிக்குப் போய்விடுவேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. பழகிய படகுக்கார அண்ணனோடு பாய் கட்டிய வத்தை என்ற நாட்டுப்படகில் ஏறி, பாக் விரிகுடாவின் கரையோரமாக ஊர் ஊராகப் போவோம்.

காற்றாலை இறக்கையும் பாயும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. காற்று பின்னாலிருந்து தள்ளினால்தான் படகு போகும் என்பதில்லை. வளைந்த பாயின் இரு பக்கமும் காற்றழுத்தம் வேறுபடுவதால் பக்கக் காற்றிலும் படகு நன்றாக ஓடும். பாய்க்கயிற்றை இறுக்கிப் பிடித்தால் படகு சாயுமே தவிர வேகம் கூடாது. பாயின் முன்விளிம்பு படபடக்கும் வரை கயிற்றை விட்டுக்கொடுத்து, படபடப்பு அடங்கும் வரை மட்டும் இழுக்க வேண்டும். அந்த அளவு கைக்குத்தான் பிடிபடும். திசை பார்ப்பது மகளின் பொறுப்பு. பனியன் துணியில் ஒரு நாடா கிழித்துப் பாய்மரத்தில் கட்டியிருக்கிறாள், லேசான காற்றுக்கும் அது திரும்பிக்கொள்ளும். தண்ணீர் இறைப்பது மகன் வேலை. லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் ஏறக் கூடாது. "போதும், திரும்பலாம்" என்று ஒருவர் சொன்னாலும் திரும்பிவிட வேண்டும்.

கோடையில் இந்தக் கரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று கரைக்குத் திரும்பும். கரையை ஒட்டித் தெற்கே போகிற எங்களுக்கு இரண்டுமே பக்கக் காற்று. ஆனால் கரைக்காற்று பலத்தால் படகைக் கடலுக்குள் ஒதுக்கிவிடும். குடும்பத்தோடு போகும்போது கரை கண்ணைவிட்டு மறையக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்வார்.

இரண்டு காற்றுக்கும் நடுவில் ஓர் அசைவற்ற வேளை வரும். பாய் தொங்கிவிடும். அதுதான் ஊருக்குள் போகும் நேரம். இங்கே கடல் ஆழமில்லை. நங்கூரம் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். காரங்காட்டில் அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டி நிற்கும். காற்று கூடுதல் நேரம் வீசிக் கொடுத்தால் தேவிபட்டினம் வரை போய், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்ற நவகிரகக் கற்களைப் பார்ப்போம். கரையில் வலை பொத்துகிறவர்களோடு பேசினால் அன்றைய கடலின் நிலவரம் முழுவதும் கிடைக்கும்.

இதே விரிகுடாவைத் தாண்டி, இலங்கையில் இருக்கும் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஓட்டிப்போனவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

எந்த ஊரில் எத்தனை மணி நேரம் என்று நாங்கள் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. காற்று விட்ட இடத்தில் இறங்கி, காற்று எழும்போது ஏறுகிறோம். காருக்குள்ளிருந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும் ஊர்களில் அரை நாள் இருக்க வைக்கிறது இந்தப் பயணம். பிள்ளைகளுக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.