களுதாவளையில் கண்ட நனைந்த கடவுச்சீட்டு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனைப் பெருந்தெரு வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், 30 கிலோ மீற்றருக்குள் களுதாவளையை அடைவர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றரை. அம்மணலிலே கிணறு தோண்டி, நீர் இறைத்து, மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் விளைவிக்கின்றனர் இவ்வூரார். இவ்வூர் வெற்றிலைக்கோ தனிப் பெயருண்டு.

ஆனி மாதத் திருவிழாக் காலத்திற் சுயம்புலிங்கப் பிள்ளையாரை வழிபடச் சென்ற நாம், பூசை முடிந்தபின் எம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்திற்கு அழைக்கப்பெற்றோம். கட்டார் நாட்டில் தொழில் புரியும் அவர் விடுமுறையில் வந்திருந்தார். தாயார் வெற்றிலைத் தட்டத்தை முன்வைத்து உபசரித்தார். பின்னர் உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார். பொலித்தீன் உறையொன்றினுள் பழைய கடவுச்சீட்டு ஒன்று இருந்தது. ஏடுகள் வீங்கி அலை அலையாக நெளிந்திருந்தன. படம் இருந்த பக்கத்தின் மெல்லுறை பாதி கழன்றிருந்தது.

“இதை எறியவும் மனம் வருகுதில்லை, பார்க்கவும் ஏலாமக் கிடக்கு, சேர்” என்றார் அவ்வம்மையார்.

அதன் கதையை மகன் சொன்னார். 2019 ஆம் ஆண்டில் ஒருநாள், காற்சட்டைப் பையிலிருந்த கடவுச்சீட்டு அவர் அறியாமலே சலவை இயந்திரத்துட் போய்விட்டது. வெளியே எடுத்து, மின்விசிறியின் கீழ் உலர்த்தி, கழன்ற உறையைப் பசை தடவி ஒட்டிவிட்டார். எழுத்துகள் தெரிந்தன, படமும் தெரிந்தது. ‘இப்போதைக்குப் பயணம் இல்லையே’ என்று எண்ணி ஒருவருக்கும் சொல்லாது வைத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்துத் தந்தையார் திடீரெனக் காலமானார். செய்தி கேட்டதும் பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு விமான நிலையத்திற்கு ஓடினார். இயந்திரம் அக்கடவுச்சீட்டைப் படிக்க மறுத்தது. பசை தடவிய பக்கத்தைக் கண்ட உத்தியோகத்தரோ ஏதோ மாற்றம் செய்யப்பட்டதென்றே ஐயுற்றார். விமானம் அவரை விட்டுச் சென்றது. இங்கே களுதாவளையில், தலைமகன் வராமலே தந்தையின் அடக்கம் நடந்தேறியது.

எழுத்துகள் தெரிந்தும் ஏன் மறுத்தனர் என்று மாணாக்கர் கேட்கலாம். 1920 இல் பாரிஸ் மாநகரில் நாடுகள் கூடி 32 பக்கங்கொண்ட பொதுவான கடவுச்சீட்டு வடிவத்தை வகுத்த காலத்தில், மனிதக் கண்ணே அதைப் படித்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1980 இல் இயந்திரம் படிக்கும் முறையை வகுத்து வெளியிட்டது. படமுள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் உண்டு. வரிக்கு 44 குறிகள். அவற்றுட் சில, மற்றைய குறிகளை 7, 3, 1 என்னும் எண்களால் முறையே பெருக்கிக் கூட்டி, 10 ஆல் வகுத்துக் கண்ட மீதிகள். ஓர் எழுத்துக் கரைந்தாலும் கணக்குப் பிழைக்கலாம். மேலும், தகுதியற்ற பத்திரத்துடன் ஒருவரை ஏற்றிச் செல்லும் விமானக் கம்பனிகளுக்குப் பல நாடுகள் தண்டம் விதிக்கின்றன. ஆகையால், ஐயத்துக்கிடமான ஏட்டை அவர்கள் ஏற்கத் துணிவதில்லை.

விடுமுறை நாள்கள் கழிந்து தூதரகம் திறந்ததும் அவர் அங்கே சென்றார். இரண்டு வழிகள் இருந்தன. புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தால் அது கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். தற்காலிகப் பிரயாணப் பத்திரம் விரைவிற் கிடைக்கும். ஆயின் அது ஊர் சேர்வதற்கு மட்டுமே உதவும். திரும்பிச் செல்ல முடியுமா, தொழில் நிலைக்குமா என்பது உறுதியில்லை. குடும்பத்தின் கடனோ அவர் தோளிலே இருந்தது. இரவு முழுவதும் உறங்காதிருந்து, காலையில் தற்காலிகப் பத்திரத்தையே கேட்டுப் பெற்றாராம். 31 ஆம் நாட் கிரியைக்கு வந்து சேர்ந்தார்.

மீண்டும் செல்ல உதவியது தாயாரின் தகரப் பெட்டியே. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்பேரலையையும் கண்ட மாவட்டம் இது. பத்திரம் நனைந்தால் மனிதர் படும் பாட்டை அறிந்த அவர், பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீனிற் சுற்றிக் காத்துவந்தார். அதனையும் தேசிய அடையாள அட்டையையும் பழுதான கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு, மகன் இரவு பஸ்ஸிற் புறப்பட்டுப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தை அடைந்தார். விரலடையாளம் கொடுத்துப் புதிய கடவுச்சீட்டைப் பெற்றார். தொழில் கொள்வோரும் இரக்கங்காட்டி, அவருடைய குடியிருப்பு அனுமதியைப் புதிய இலக்கத்துக்கு மாற்றி உதவினர்.

பிறநாட்டில் வாழ்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் இதிலிருந்து அறிய வேண்டியவை சில. நனைந்த, கிழிந்த கடவுச்சீட்டை வீட்டில் ஒட்டிச் செப்பனிடலாகாது. அது குற்றம்போலத் தோன்றும். பயணம் இல்லாத காலத்திலேயே தூதரகத்திற்குக் கொண்டுசென்று காட்ட வேண்டும். கடவுச்சீட்டின் படப்பக்கத்தையும் பிறப்புச் சான்றிதழையும் பிரதி செய்து ஊரில் ஒருவரிடமும் கைத்தொலைபேசியிலும் வைத்திருத்தல் நன்று. தொழில் கொள்வோர் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதைக் கட்டாரின் 2015 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. தன் கையில் இருக்கும் உரிமை கிடைத்தால், அதைப் பேணும் பொறுப்பும் உடன் வருகின்றது.

விடைபெறும்போது அம்மாணவர் எம்மைத் தந்தையாரின் வெற்றிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். பறித்த வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார் அவருடைய தம்பியார்.

“அழுகின இலை ஒன்றை உள்ளுக்கு மறைச்சால் முழுக்கட்டும் போயிடும் எண்டு அப்பா சொல்லுவார், சேர். நான் வெற்றிலைக்கு மட்டும்தான் அதெண்டு நினைச்சிட்டன்” என்றார் அவர்.

நாம் மறுமொழி கூறவில்லை. வாவிப் பக்கம் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தம்பியார் ஓர் இலையை எடுத்து ஒளியிற் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் கறுத்திருந்த அதனைப் புறத்தே எறிந்துவிட்டு, அடுத்த இலையை எடுத்தார்.