'கிட்டத்தட்ட' தயார்

ஏஆர்எஃப் ரிமோட் விமானம் என்றால் 'கிட்டத்தட்டப் பறக்கத் தயார்' என்று அர்த்தம். மக்களே, வில்லங்கமே அந்த 'கிட்டத்தட்ட'வில்தான்!

எய்லரான், எலிவேட்டர், ரடர் மூன்றையும் பிடித்திருப்பவை சின்னச் சின்னக் கீல்கள். ஃபேக்டரியில் சிலவற்றுக்குப் பசை சரியாக இறங்கியிருக்காது. பார்த்தால் தெரியாது, ஒவ்வொன்றாக அழுத்தி இழுக்கணும். நகர்ந்தால், ஃபெவிக்விக் மாதிரித் தண்ணியான சயனோ பசை, கீலின் இரண்டு பக்கமும் சில சொட்டு. காய்ந்ததும் மறுபடி இழுக்கணும். கம்பி வைத்த கீலென்றால் கோவளம் உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும்.

நிஜ விமானத்திலும் இதே கதைதான். 2000-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வாலை அசைக்கும் திருகின் மரை, கிரீஸ் போதாமல் தேய்ந்திருந்தது.

கோவளம் கடற்கரைமேல் பறக்கும்போது எலிவேட்டர் கழன்றால், கையில் ரிமோட் இருந்தும் பிரயோஜனமில்லை. கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்... இழுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதுமே!