லீட் போன பிறகு

ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டத்துக்குத் தமிழ்நாடு, மெட்ராஸ் என்ற பழைய பெயரில் ஆடியதையும் சேர்த்தால், 12 முறை போயிருக்கிறது. கோப்பையோடு திரும்பியது 2 முறை. 1954-55-ல் பாலு அளகனன் தலைமையில் இந்தூர் போய் ஹோல்கர் அணியை 46 ரன்னில் ஜெயித்தார்கள். அப்புறம் 1987-88-ல் எஸ்.வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்தில் ரயில்வேயை ஓர் இன்னிங்ஸ், 144 ரன்னில் ஜெயித்தார்கள். மீதி 10 இறுதியாட்டமும் தோல்வி. சின்ன வயசிலிருந்து எனக்கு இந்த அணிதான். இது தோற்பதை எங்கள் ஊரில் பத்துப் பேரோடு உட்கார்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. பெங்களூரில் வேலைக்கு வந்து குடியிருக்கும் எனக்கு இன்றைக்கு அந்தக் காலத்தின் மேல்தான் ஏக்கம்.

ஊர் கிணத்துக்கடவு. கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில், பொன்மலை மேல் வேலாயுதசாமி கோயில் கண்ணில் பட்டதும் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து பையை எடுத்துக்கொள்வார்கள். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். தக்காளிக்குப் பேர்போன சந்தை எங்களுடையது. என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், அங்கே ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஏலம் முடிந்து, கேரளத்து லாரிகள் பெட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு மண்டி ஓய்ந்துவிடும். நசுங்கின தக்காளியின் புளிப்பு வாடை மட்டும் சாயங்காலம் வரை இருக்கும். அந்நேரத்துக்குக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ரேடியோ பேச ஆரம்பிக்கும்.

பின்மூடி போய்விட்ட ரேடியோ அது. பேட்டரி நழுவாமல் இருக்க சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருப்பார்கள். ஏரியலின் நுனியில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டி, மேலே தகரக் கூரையின் சட்டம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தது. காற்று அடித்தால் கம்பி ஆடும். கம்பி ஆடினால் ஸ்கோர் போய்விடும். யாராவது ஒருவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். லீவு நாளில் அது என் வேலை. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் என்று தமிழில் கிரிக்கெட் சொன்னவர்களின் குரல்கள் எனக்குள் வந்தது கை வழியாகத்தான் என்று இன்றைக்கும் தோன்றும். அப்புச்சி எடைச்சிட்டையைப் பின்பக்கம் திருப்பி, ஒரு ஓரத்தில் அன்றைய தக்காளி விலையையும் இன்னொரு ஓரத்தில் ஸ்கோரையும் எழுதுவார். மண்டிக்கு வருகிறவர் எது கேட்டாலும் அந்தச் சிட்டையைத்தான் நீட்டுவார்.

1988 இறுதியாட்டத்தை அப்படித்தான் கேட்டோம். தமிழ்நாடு 709 ரன் குவித்தது. ரஞ்சியில் அந்த ஆட்டத்தில்தான் முதன்முதலாக இறங்கிய எம்.வெங்கட்ரமணா, ரயில்வேயின் இரண்டாவது இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார். ஜெயித்த சாயங்காலம் மண்டிக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். அப்புச்சி மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 1973-ல் அதே சேப்பாக்கத்தில் பம்பாயோடு நடந்த இறுதியாட்டம் அவர் நெஞ்சில் அப்படியே இருந்தது. நம் கேப்டன் வெங்கட்ராகவனுக்கும் வி.வி.குமாருக்கும் பந்து திரும்பட்டும் என்று நினைத்த தரையில் பம்பாயின் சிவால்கர் 13 விக்கெட் எடுத்துவிட்டார். பம்பாய் 151, 113. நாம் 80, 61. ஐந்து நாள் ஆட்டம் மூன்றாம் நாள் முதல் பந்தோடு முடிந்துபோனது. அதை அவர் சொல்லும்போது, சிவால்கரின் பெயரை மரியாதையாகத்தான் சொல்வார். எதிராளியைத் திட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த 1988 கோப்பைக்குப் பிறகு இன்னொன்று வரவில்லை. 1991-92-ல் டெல்லியிடம் தோற்றோம். 1995-96-ல் கர்நாடகம் சேப்பாக்கத்துக்கே வந்து எடுத்துக்கொண்டு போனது. 2002-03, 2003-04 இரண்டிலும் மும்பை. 2011-12-ல் ராஜஸ்தான். 2014-15-ல் மறுபடி கர்நாடகம்.

ரஞ்சியைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாக் அவுட் ஆட்டம் டிராவில் முடிந்தால், முதல் இன்னிங்ஸில் யார் கூடுதல் ரன் எடுத்தார்களோ அவர்கள் ஜெயித்ததாகக் கணக்கு. அதைத்தான் லீட் என்போம். ஐந்து நாள் இறுதியாட்டத்தில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ லீட் போய்விட்டால், பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஆட்டம் நிற்காது. கோப்பை யாருக்கென்று தெரிந்த பிறகும் இரண்டு அணியும் வெள்ளை உடுப்பில் இறங்கி, டீ வேளை விட்டு, மறுபடி இறங்கி, கடைசி நாள் சாயங்காலம் வரை ஆடிக்கொண்டிருக்கும். நாம் தோற்ற இறுதியாட்டங்களில் 1967-68, 1995-96, 2003-04, 2011-12 ஆகிய நான்கும் இப்படி லீடில் போனவை.

1996 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அனில் கும்ப்ளே தலைமையில் வந்த கர்நாடகம் 600-ஐத் தாண்டிவிட்டது. ராகுல் டிராவிட் ஒரு சதம். நம் கடைசி ஜோடி நிற்கும்போதே லீட் கிடைக்காதென்று தெரிந்துபோயிற்று. மண்டியில் கூட்டம் கலைந்தது. ரேடியோவை அணைக்கலாமா என்று கேட்டேன்.

“எதுக்குக் கண்ணு?”

“லீட்தான் போயிருச்சுங்களே அப்புச்சி.”

“ஆட்டம் முடியிலயே. பசங்க இன்னும் வெய்யில்ல நிக்கறாங்கல்ல.”

மறுநாளும் போட்டார். அதைக் கேட்க நாலு பேர்தான் இருந்தோம்: அப்புச்சி, நான், எடை போடும் அண்ணன், வாடகை பாக்கிக்காக வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு பாலக்காட்டு வியாபாரி. எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்த ஆட்டம். அதில் ஒருவர் நாலு ரன் அடித்தால் நாங்கள் நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பந்து வீசுகிறவர் முனை மாறியதை அப்புச்சி கவனித்துச் சொன்னார். லீடைப் பற்றி யாரும் பேசவில்லை. கிரிக்கெட்டை மட்டும் கேட்ட நாள் அது. பாலக்காட்டுக்காரர் கிளம்பும்போது, எங்க கேரளா இந்த இடத்துக்கு வரவே இன்னும் எத்தனை வருஷமோ என்றார். 2025 பிப்ரவரியில் கேரளம் முதல்முறையாக ரஞ்சி இறுதியாட்டத்துக்கு வந்து, விதர்பாவிடம் அதே முதல் இன்னிங்ஸ் லீடில் கோப்பையை விட்டபோது, முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வருஷங்களில் எங்களுக்கு ஒரு ஆள் இருந்தார்: எஸ்.சரத். இடது கை ஆட்டக்காரர். முதல்தரக் கிரிக்கெட்டில் 8,000 ரன்னுக்கு மேல், 27 சதம். இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டெண்டுல்கரைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். சரத் 40-ல் நிற்கிறார் என்று சொன்னால் எங்கள் பெஞ்சில் மட்டும்தான் “அப்படிங்களா, நிக்கட்டும்” என்பார்கள். பெரிய மேடை கிடைக்காத ஒருவர் வருஷா வருஷம் ஆந்திராவுக்கும் கோவாவுக்கும் எதிராகப் பொறுமையாக ஆடிக்கொண்டே இருந்தார். வருஷா வருஷம் வெண்டைக்காயும் தக்காளியும் போட்டு, விலை இல்லையென்றால் சாலையோரம் கொட்டிவிட்டு, மறுபடி நாற்று விடும் ஊர்க்காரர்களுக்கு அவரைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புச்சி போன பிறகு மண்டி ரேடியோவும் போனது. நான் பெங்களூர் வந்தேன். 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் முதலில் ஆடி 621 எடுத்தது. வினீத் சக்சேனா என்ற தொடக்க ஆட்டக்காரர் 257. ஊரிலிருந்து மாமா போன் பண்ணினார். “பாத்தீங்களா மாப்ளே, இன்னும் அவுட்டே ஆகலை.” நம் பக்கம் முரளி விஜய், அபினவ் முகுந்த், பத்ரிநாத், தினேஷ் கார்த்திக் எல்லோரும் இருந்தும் 295-ல் முடிந்தது. கம்ப்யூட்டர் திரையில் எண்கள் மாறுவதைப் பார்த்தேன். லீட் போன அடுத்த நாள் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். ஆபீஸில் பக்கத்து இருக்கையில் யாராவது ஒருவர் அதை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் பார்த்திருப்பேன்.

2015 இறுதியாட்டம் நடந்தது மும்பையில். நாம் முதலில் ஆடி 134. கர்நாடகம் 762, கருண் நாயர் மட்டும் 328. சுற்றிலும் கன்னட நண்பர்கள்; நல்லவர்கள், என்னிடம் கிண்டல்கூடப் பண்ணவில்லை. ஸ்வீட் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். அந்த ஆட்டத்தில் என் மனசில் நிற்பது கருண் நாயர் இல்லை. எல்லாம் முடிந்துபோன இரண்டாவது இன்னிங்ஸில் தினேஷ் கார்த்திக் 120-ம் விஜய் சங்கர் 103-ம் அடித்தார்கள். இன்னிங்ஸ், 217 ரன் தோல்வி என்று பேப்பரில் ஒரு வரி வந்தது. அந்த வரிக்குள் இந்த இரண்டு சதமும் இருக்கின்றன. மண்டி இருந்திருந்தால் சிட்டையில் அவை ஏறியிருக்கும்.

நம் அணி எதையுமே ஜெயிக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். சையது முஷ்டாக் அலி கோப்பையை மூன்று முறை எடுத்திருக்கிறது. 2021-ல் கர்நாடகத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் கடைசிப் பந்தை ஷாருக் கான் சிக்சருக்குத் தூக்கியபோது வீட்டில் கத்திவிட்டேன். விஜய் ஹசாரே கோப்பை ஐந்து முறை. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் மூன்று மணி நேரத்திலோ ஒரு பகலிலோ முடிந்துவிடும் அந்த ஆட்டங்களில், தோற்ற பிறகு கூட இருப்பதற்கு நேரம் கிடையாது.

அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கிறவர்கள் சிகாகோ கப்ஸ் அணியைப் பற்றிச் சொல்வார்கள். 1908-ல் வாங்கிய பட்டத்துக்கு அடுத்தது 2016-ல்தான் வந்தது. நடுவில் 108 வருஷம். தாத்தா, மகன், பேரன் என்று குடும்பம் குடும்பமாகக் காத்திருந்திருக்கிறார்கள். நமக்கு 1988-லிருந்துதான் கணக்கு. ஆனால் அவர்கள் மைதானம் தோற்ற வருஷங்களிலும் ஆளில்லாமல் கிடக்கவில்லை என்று படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. ரஞ்சி ஆட்டத்துக்குச் சேப்பாக்கத்தில் காலி நாற்காலிகளை எண்ண முடியாது.

இப்போது ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. ஆட்டம் எங்கள் பக்கத்துக்கே வருகிறது. கோயமுத்தூரில் ஸ்ரீ ராமகிருஷ்ணா கலை அறிவியல் கல்லூரி மைதானத்தில், 2024 ஜனவரியில் நம் கோயமுத்தூர்க்காரர் ஜெகதீசன் சண்டிகருக்கு எதிராக 321 அடித்தார். அடுத்த மாதம் அதே இடத்தில் கால் இறுதி. முந்தைய வருஷச் சாம்பியன் சௌராஷ்டிராவை ஓர் இன்னிங்ஸ், 33 ரன்னில் சுருட்டினோம். கேப்டன் சாய் கிஷோர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட். அரையிறுதிக்கு மும்பை போனோம். நாம் 146-ல் விழுந்தாலும், மும்பையை 106-க்கு 7 விக்கெட் ஆக்கிவிட்டோம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு மண்டிக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது. மாமாவும் நானும் போனை வைக்கவே இல்லை. அப்புறம் ஷர்துல் தாக்கூர் ஒன்பதாவதாக வந்து 109 அடித்தார். மும்பை 378. லீட் போனது, ஓர் இன்னிங்ஸ், 70 ரன்னில் ஆட்டமும் போனது.

2025 அக்டோபரில் கோயமுத்தூரிலேயே ஜார்க்கண்டிடம் 93-க்குச் சுருண்டு, பாலோ ஆன் வாங்கி, ஓர் இன்னிங்ஸ், 114 ரன்னில் தோற்றோம். மாமா நேரில் போயிருந்தார். லீட் போன பிறகு எழுந்து வரவில்லை, முடிகிறவரை இருந்தார். பக்கத்தில் யாருமில்லை என்றார். நான் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே கிணத்துக்கடவிலும் சுற்றுப்பட்டிலும் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரஞ்சி வழக்கமாக அக்டோபரில் தொடங்கும். கோயமுத்தூருக்கு ஆட்டம் போட்டிருந்தால், பொள்ளாச்சி பஸ் உக்கடத்தில் விட்டுவிடும், அங்கிருந்து டவுன் பஸ் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். கோப்பைக்காகப் போகிறோம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். மூன்றாம் நாள் லீட் போய்விட்டால், நாலாம் நாளும் போங்கள்.