ஒன்றுபோல் இரண்டு

வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டை (152) வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுவது வழக்கம். கொல்லிமலைத் தலைவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தங்கியது என்றால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நாமும் உடன் சிரித்து, உயர்வு நவிற்சி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். வேட்டையாடிப் பழகிய ஒருவர் அந்த வகுப்பில் இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார் என்றே இப்போது தோன்றுகிறது. யானைக்கும் உடும்புக்கும் ஒரே அம்பா என்று எழுந்து சண்டைக்கு வந்திருப்பார்.

அப்படிச் சண்டைக்கு வரக்கூடிய ஒருவர் நம் குடும்பத்திலேயே உண்டு. நம் தாய்மாமன் ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டையைக் கைவிட்டவர். ஆனால் துப்பாக்கிகளைக் கைவிடவில்லை. அவருடைய இரும்பு அலமாரியில் மூன்று இருந்தன. ஒன்று 12 போர் இரட்டைக்குழல். பன்றியையும் குரங்கையும் வெடியோசையால் விரட்டுவதற்கு. மற்ற இரண்டும் ரைபிள்கள். இரண்டும் வெள்ளையர் காலத்தில் பர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் செய்யப்பட்டவை, இரண்டும் .315 துளையுடையவை, இரண்டின் கட்டையும் ஒரே நிறத்து வால்நட் மரம். இரட்டைப் பிள்ளைகளைப் போல அடுத்தடுத்து நின்றிருக்கும். பள்ளி விடுமுறைக்கு மலையேறிய காலத்தில், "ரெண்டும் ஒண்ணுதானே மாமா, எதுக்கு ரெண்டு?" என்று கேட்டிருக்கிறோம். "ஒண்ணு இல்ல மாப்ளே, வேற வேற" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது, அலமாரி பூட்டப்படும்.

முதுகலை படிக்கும் வயதில் நமக்கு இதற்கு விளக்கம் கிடைத்துவிட்டதாக நினைத்தோம். தோட்டக்காரர் மனப்பான்மை, ஆண்மையின் அலங்காரம், உடைமை மோகம் என்றெல்லாம் அக்காலத்துச் சிற்றிதழ்ச் சொற்களை அடுக்கி ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கினோம். நல்லவேளையாக அது முடியவில்லை.

வேட்டை இலக்கியம் என்ற பெயரில் பிற்பாடு சேர்த்துப் படித்தவை அந்த விளக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தன. 1907ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைத் தொடர்ந்து போனபோது அவர் கையில் இருந்தது .500 துளை இரட்டைக்குழல் ரைபிள். பையில் மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பிறகும் புலி எதிரில் நின்றது. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்தார். அதைத் தூக்கிய பிறகுதான் குழலுக்கும் பின்பூட்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பது கண்ணில் பட்டது. வாயைப் பார்த்துச் சுட்டார். குண்டு பாதத்தில் பட்டது. புலி முன்பு வாங்கிய காயங்களால் ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் அவர் பிழைத்தார். பிறர் துப்பாக்கி என்பது பிறர் செருப்பைப் போல. காலில் நுழையும், ஓட முடியாது.

அந்தப் புலிக்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு அளித்த பரிசு ஒரு .275 ரிக்பி ரைபிள். இலேசானது. கனத்த விலங்குகளுக்காக .450/400 இரட்டைக்குழல் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். 1930இல் சௌகட் பெண்புலியை ஒரு பாறையருகே திடீரென்று எதிர்கொண்டபோது, இடக்கையில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டு. கையிலிருந்த இலேசான ரைபிளை வலக்கையால் மட்டுமே மெல்ல மெல்லத் திருப்பிச் சுட்டார். கனத்த இரட்டைக்குழல் கையில் இருந்திருந்தால் அந்தத் திருப்பம் நடந்திருக்குமா என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவ்வளவு நெருக்கடியிலும் முட்டைகளை அவர் கீழே போடவில்லை. அதுவும் நாம் அடிக்கடி எண்ணுவது.

மறுபக்கம் கென்னத் ஆண்டர்சன். தேன்கனிக்கோட்டையை அடுத்த ஜவளகிரிக் காடு உள்ளிட்ட நம் பகுதிகளிலேயே அலைந்தவர். பெரும்பாலும் .405 வின்செஸ்டர் ஒன்றோடே காலம் தள்ளினார். ஒரே துப்பாக்கிக்காரனிடம் எச்சரிக்கையாயிரு என்று ஆங்கிலத்தில் ஒரு முதுமொழி உண்டு. பல வைத்திருப்பவன் எதிலும் கைபழகாதவன் என்பது அதன் உட்கருத்து. ஓரி அந்தக் கட்சி.

ஆனால் பல வைத்திருப்பவர்களின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஒரு ரைபிளைக் குறிபார்த்துச் சரிசெய்வது என்றால் அதன் குறிமுள்ளையோ தொலைநோக்கியையோ நகர்த்தி, குறிப்பிட்ட தொலைவில் கண் பார்க்கும் புள்ளியிலேயே குண்டு விழும்படி அமைப்பது. அந்த அமைப்பு ஒருவகைத் தோட்டாவுக்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்க மான்வேட்டையர் பெரிதும் விரும்பும் .30-06 ரைபிளில் 150 கிரெயின் குண்டுக்கு அமைத்துவிட்டு 180 கிரெயின் குண்டைப் போட்டால், அதே புள்ளியைப் பார்த்துச் சுட்டாலும் வேறிடத்தில் விழும். துளை அளவு ஒன்றுதான், குழலும் ஒன்றுதான்; ஆனால் எடை மாறினால் வேகம் மாறும், வெடியின் அதிர்வில் குழல் நடுங்கும் விதமும் மாறும். மருந்தின் அளவு மாறினாலும் இதே கதை. மழைக்காலத்தில் மரக்கட்டை ஈரத்தில் ஊதிக் குழலை நெருக்கினாலும் குண்டு விலகும். அதற்காகவே மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் செயற்கை இழைக் கட்டை போட்ட இன்னொன்றை வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முள்ளை நகர்த்திக்கொண்டிருப்பதைவிட, ஒன்றை ஒரு தோட்டாவுக்கு என்று அமைத்துத் தொடாமல் விட்டுவிடுவது மேல்.

சரி, பல எதற்கு என்பது விளங்குகிறது. அவை ஏன் ஒன்றுபோலவே இருக்க வேண்டும்? இந்த இரண்டாம் கேள்விதான் நமக்குச் சுவையானது. விடை கையில் இருக்கிறது. பன்றி புதரை விட்டு வெளியே பாயும் அந்த நொடியில் பூட்டுப்பித்தான் எங்கே, போல்ட்டை எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும், விசை எந்த அழுத்தத்தில் விடும் என்று மனம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே தோட்டா மாறலாம். கை உணர்வது மாறக் கூடாது. இங்கிலாந்தில் பறவைகளைக் கலைத்துவிட்டுச் சுடும் பிரபுக்களுக்காக பர்டி போன்ற நிறுவனங்கள் இணைத் துப்பாக்கிகளையே செய்து, 1, 2 என்று எண் பொறித்துக் கொடுத்தன. ஒன்றைச் சுடும்போது பின்னால் நிற்கும் ஏவலர் மற்றதில் தோட்டா நிரப்பி நீட்டுவார். வாங்கும் கைக்கு வேறுபாடு தெரியக் கூடாது என்பதே அந்த வேலைப்பாட்டின் பெருமை.

அரசாங்கமும் இந்தப் பெருக்கத்துக்குத் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1907இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 துளை ரைபிள்களுக்குத் தடை விதித்தது. அந்தக் குண்டுகள் கலகக்காரர் கையிலிருந்த பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்ற அச்சம். உடனே துப்பாக்கிச் செய்வோர் .465, .470, .475, .476 என்று மயிரிழை வேறுபாட்டில் வரிசையாகப் புதியன செய்து சந்தைக்கு அனுப்பினார்கள். மாமாவின் .315 கூட இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. படைவீரரின் .303 தோட்டா குடிமக்களிடம் போய்ச் சேரக் கூடாது என்பதால் பிறந்த அளவு அது. இன்றும் நம் நாட்டில் .303 தடைசெய்யப்பட்ட வகை; குடிமக்களுக்காக இஷாப்பூர் தொழிற்சாலை செய்துவந்தது .315தான்.

நம் வீட்டு அலமாரியில் குறுந்தொகை நான்கு இருக்கிறது. 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பித்ததன் ஒளிநகல் ஒன்று, 1937இல் உ.வே.சா. பதிப்பித்ததன் மறுஅச்சு ஒன்று, பிறகு இரண்டு. "இருக்கறதையே மறுபடி மறுபடி வாங்கறீங்களே" என்று இல்லத்தரசி கேட்கும்போது பாடவேறுபாடு என்று சொல்லித் தப்பிப்போம். மாமாவின் "வேற வேற" அப்போது காதில் விழும். இந்த ஒப்புமையை நீட்ட விருப்பமில்லை. குறுந்தொகையைத் தவறாகப் பாடங்கொண்டால் யாருடைய தொடையும் கிழியாது.

அந்தத் தொடையின் கதை நமக்குத் தெரிந்தது 2020இல்தான். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று 1983 முதல் இருந்த வரம்பை, 2019 டிசம்பரில் வந்த சட்டத்திருத்தம் இரண்டாகக் குறைத்தது. மிகுந்த ஒன்றை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். கொரோனாவால் கல்லூரி மூடிக் கிடந்த அந்த மழைக்காலத்தில், துணைக்கு வா என்று மாமா அழைத்தார். கயிற்றுக் கட்டிலில் கம்பளியை விரித்து இரண்டு ரைபிள்களையும் கிடத்தியிருந்தார். அறையெங்கும் எண்ணெய் வாசம்.

"எது போகட்டும்? நீ சொல்லு மாப்ளே."

நமக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. எண்ணைப் பார்க்கக் குனிந்தோம். அவர் கையமர்த்தினார். கண்களை மூடிக்கொண்டு ஒன்றைத் தூக்கித் தோளில் பொருத்தி இறக்கினார். "இது எங்கப்பாது." மற்றதைத் தூக்கினார். "இது தொரை வித்துட்டுப் போனது." பிறகு நாம் கேளாமலே சொன்னார்.

தாத்தா 1964இல் காலமானார். ரைபிளும் எஞ்சிய சில தோட்டாக்களும் மாமாவிடம் வந்தன. தாத்தா அந்தப் பழைய சீமைத் தோட்டாவுக்கு ஏற்பக் குறிமுள்ளை அமைத்திருந்தார். 1966 கார்த்திகையில், சாமைக்காட்டைப் பன்றி உழுதுவிட்டது என்று மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வந்து அழைத்தார். மாமாவுக்கு எப்போதும் தடம் பார்த்துக் கொடுப்பவர். பழைய தோட்டாக்கள் தீர்ந்துபோயிருந்தன. சேலத்தில் வாங்கிய புதிய தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு மாமா கிளம்பினார். டப்பாவிலும் .315, குழலிலும் .315. ஒரு குண்டைக்கூடச் சுட்டுப் பார்க்கவில்லை. இருபத்து நான்கு வயது.

தோளைப் பார்த்துச் சுட்ட குண்டு தாழ இறங்கி முன்னங்காலை ஒடித்தது. பன்றி திரும்பியது. இரண்டாவது தோட்டாவை ஏற்றுவதற்குள் பெரியவரின் தொடையைக் கொம்பால் கிழித்துவிட்டது. தூளி கட்டித் தூக்கி வந்து சேலம் மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். கடைசிவரை காலை இழுத்துத்தான் நடந்தார்.

"அவரு என்னைய ஒரு வார்த்தை சொல்லல. பன்னிக்கு நேரம் நல்லா இருந்துச்சுன்னாரு."

மறு ஆண்டு ஒரு வெள்ளைத் தோட்டக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற ரைபிளை மாமா வாங்கினார். வேறு வகை வேண்டாம், இதே வேண்டும் என்று தேடி வாங்கியது. புதிய தோட்டாவுக்கு அமைத்து, மூன்று நாள் சுட்டுப் பார்த்து, அதன்பின் 1972 வரை அதைத்தான் எடுத்துப் போனார். அப்பா அமைத்து வைத்த முள்ளில் கைவைக்க மனம் வரவில்லையாம்.

ஆகவே எதைக் கொடுப்பது என்பது நமக்குத் தெளிவாகிவிட்டதாகவே நினைத்தோம். நன்றாகச் சுடுவது, நம்பிக்கையானது இரண்டாவது. "பழையதைக் குடுத்துரலாம் மாமா" என்றோம்.

"சுடறதுக்கா வச்சிருக்கேன்?" என்றார்.

இருபது கொண்டையூசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்கு வந்து துரையின் ரைபிளை ஒப்படைத்தோம். எழுதி வாங்கியவர் எண்ணைச் சரிபார்த்து, நல்ல சரக்கு, ஏன் ஐயா கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மாமா ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல். வழக்கம்போல் உரிமக்காரர்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் கொடுத்துவைத்து, முடிவு வந்தபின் திரும்பப் பெற்றார்கள். நாமும் உடன் போயிருந்தோம். முன்பெல்லாம் இரண்டு ரைபிள்களும் இடம்மாறி வருமாம்; எண் எழுதிய சீட்டும் மாறியிருக்குமாம். காவலர் இரட்டைக்குழலையும் ரைபிளையும் மேசைமேல் வைத்தார். மாமா கண்களை மூடிக்கொண்டு ரைபிளைத் தூக்கித் தோளில் பொருத்திப் பார்த்தார். கண் திறந்து, "இதேதான்" என்றார்.