தாத்தாவுக்கு மூன்று பிறந்த நாள்

உங்கள் ஆபீஸில் ஐம்பதைத் தாண்டியவர்களின் சர்வீஸ் ரிஜிஸ்தரைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். நிறையப் பேர் மே, ஜூனில்தான் பிறந்திருப்பார்கள். அந்த இரண்டு மாதம் மட்டும் பிரசவ சீஸனா என்ன? எல்லாம் ஹெட்மாஸ்டர்கள் செய்த வேலை சார்! பையன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் வயசு அஞ்சு முடிந்தது. தேதி அவர் பேனாவிலிருந்து வரும்.

நான் ஒரு நோட்டுப் போட்டு வம்ச வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன். ('உருப்படியா கேஸ் புக் பண்ணக் கூடாதா?' - மனைவி.) அதில் தாத்தா பக்கத்தில்தான் வண்டி நின்றது. ஜாதகத்தில் தாது வருஷம், ஆவணி மாசம். அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் தாது வரும். 1876-ல் வந்தது பெரும் பஞ்சத்தோடு வந்த தாது. தாத்தா அவ்வளவு பழசு இல்லை. ஆகவே 1936. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் 1-6-1935. 2004-ல் வாங்கின இறப்புச் சான்றிதழில் வயது 70. அப்படியானால் 1934!

எதை எழுதுவது? மூன்றையும் எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எப்போது சொன்னது, எதற்காகச் சொன்னது என்பதோடு. இறப்புச் சான்றிதழ் ஒரே காகிதம்தான். ஆனால் அதில் இரண்டு சாட்சி. இறந்த தேதிக்கு ஆஸ்பத்திரி சாட்சி. வயதுக்கு? இரண்டு ராத்திரி தூங்காத எங்கள் பெரியப்பா. "ஒரு எழுபது போட்டுக்குங்க சார்" என்றிருக்கிறார். போட்டுக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத் தேதி பொய்தான். ஆனாலும் அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தேதியை வைத்துத்தான் சர்க்கார் தாத்தாவை 58 வயதில் வீட்டுக்கு அனுப்பியது. ஒண்ணாம் தேதி பிறந்தவர் முந்தின மாசக் கடைசி நாளே ரிட்டயர் ஆக வேண்டும் என்பது விதி. 31-5-1993 அன்று மாலை போட்டுவிட்டார்கள். ஜாதகப்படி பார்த்தால் ஒரு வருஷத்துக்கு மேல் சம்பளம் போச்சு!

அடுத்தது பெரியப்பா. அவருக்கும் வருஷம் சந்தேகம். பதிவேட்டில் தேடச் சொல்லிக் கட்டணம் கட்டி நகல் வாங்க 1969-ம் வருஷச் சட்டத்தில் வழி இருக்கிறது. நகராட்சியில் 1958-லிருந்து தேடச் சொன்னேன். குமாஸ்தா பக்கம் புரட்டிக்கொண்டே வந்தவர், "உங்க தாத்தா பேர் இங்கேயே இருக்கே சார்" என்றார்.

1958 நவம்பர். பெண் குழந்தை. தாத்தா பேர், பாட்டி பேர், எங்கள் தெரு எல்லாம் சரி. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் காலி. இறப்புப் பதிவேட்டையும் எடுக்கச் சொன்னேன். 1959 பிப்ரவரியில் இருந்தது. வீட்டுக்கு மூத்தவர் பெரியப்பா என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பெரியப்பாவும்தான்.

என்ன நோய் என்று நகலில் இல்லை. இறப்புப் பதிவின் நகலில் காரணம் காட்டக் கூடாது என்பது சட்டம். பாட்டிக்கு இப்போது 83. கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் நகலை அப்படியே கையில் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். "மாந்தம்டா. மூணு நாள்" என்றாள். அப்புறம் ஒரு பெயர் சொன்னாள். நான் இதுவரை எங்கள் வீட்டில் கேட்டிராத பெயர்.

"இதுல இப்ப பேரைச் சேக்க முடியுமாடா?"

பதிவான பதினைந்து வருஷத்துக்குள் சேர்க்கலாம் என்பது விதி. அறுபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. "முடியாது பாட்டி" என்றேன்.

நோட்டை எடுத்து அவள் எதிரிலேயே எழுதினேன். பிறந்த தேதி: பிறப்புப் பதிவேடு, பதிவு எண், நகல் வாங்கின நாள். இறந்த தேதி: இறப்புப் பதிவேடு, அதே விவரம். பெயர், நோய்: தாயார் சொன்னது, இன்றைய தேதி, வேறு ஆதாரம் இல்லை.

பாட்டி நோட்டை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கடைசி எழுத்துக்குக் கால் போடலையே" என்றாள். போட்டேன்.