நான்கு சக்கரங்களும் ஒரு சுமையும்

சாலையில் ஓடும் ஜீப்பை மலையேற வைப்பது, அதன் அடியில் மறைந்திருக்கும் ஓர் இரும்புப் பெட்டியே. 'டிரான்ஸ்பர் கேஸ்' என்பர். கியர் பெட்டியின் பின்புறம் அமர்ந்து, இயந்திரத்தின் விசையைப் பின்சக்கரங்களுக்கும், வேண்டும்போது முன்சக்கரங்களுக்கும் அது பகிர்ந்தளிக்கிறது. 1941இல் படைக்கென உருவான வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்த நம் மகேந்திரா ஜீப்பிலும் இவ்வமைப்பு உண்டு.

ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலிருந்து நோயாளிகளைச் சுமந்து வந்த பழைய ஜீப் ஒன்றின் அப்பெட்டியை, வாணியம்பாடிப் பட்டறையொன்றில் மீண்டும் பூட்டியபோது நாங்கள் உடனிருந்தோம். பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கோத்த முதிய மெக்கானிக் பாய், இரு லீவர்களுக்குரிய தண்டுகளைச் செலுத்துமுன் கையை நிறுத்தினார். "இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பின் இருக்கணும் சார். முன்னாடி வேலை பார்த்தவங்க விட்டுட்டாங்க" என்றார்.

மாத்திரை அளவேயான இரும்புத் துண்டு அது. ஒரு லீவர் முன்சக்கரங்களை இணைக்கும். மற்றது வேகத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைத்து, இழுவையை அதே அளவு பெருக்கும். அவ்வளவு விசையையும் பின்னச்சு தனித்துத் தாங்கினால் முறிந்துவிடக்கூடும். எனவே முன்சக்கரங்கள் இணையும்வரை இரண்டாவது லீவரை அசையவிடாமல் தடுப்பதே அந்தப் பின்னின் பணி. அது இன்றியும் வண்டி ஓடும். அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் மலைக்குச் செல்ல வேண்டியிருந்தும் பாய் இசையவில்லை. "ஆளுங்களை ஏத்திட்டு இறங்குற வண்டி சார்" என்றார். லேத்தில் புதுப் பின் கடைந்து வந்த பின்னரே பூட்டினார்.

எனினும், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரங்களையும் பிணைத்து ஓட்டலாகாது. வளைவுகளில் முன்னும் பின்னும் வெவ்வேறு தொலைவு உருளுவதால் பல்சக்கரங்கள் இறுகித் தேயும். கலாத்தியர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், பிறர் சுமையைத் தாங்கச் சொல்லும் பவுலடியார், அடுத்த சில வரிகளிலேயே அவரவர் பொறுப்பை அவரவரே சுமக்கவேண்டும் என்கிறார். முரணெனத் தோன்றும் இவ்விரண்டும் அப்பட்டறையில் எமக்கு ஒன்றாய்ப் பொருந்தின. சமவெளிக்கு ஒரு நெறி. ஏற்றத்திற்கு வேறொரு நெறி.

நம் பங்குகளில் ஏற்றங்களுக்குக் குறைவில்லை. படுக்கையிலிருக்கும் தாயைப் பேணும் ஒரே மகள், பல ஊர்களுக்கும் தனியே நடக்கும் உபதேசியார் என, பெருஞ்சுமை ஓரிருவர் தோளிலேயே விழுகிறது. வண்டி ஓடுவதால் நாமும் கவலைப்படுவதில்லை. முறிந்த பின்னரே திரும்பிப் பார்க்கிறோம். "மற்றவர்கள் இணைந்தார்களா?" என்று முன்னதாகவே தடுத்துக் கேட்கும் அச்சிறு பின்னாக, ஒவ்வொரு பங்கிலும் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.