கடல் தேடி வந்த குகை

கிரீஸின் தென்பகுதியில், நாஃப்ளியோவிலிருந்து காரில் தெற்கே போனால் கிலாதா என்ற மீனவர் ஊர் வருகிறது. மரப்படகு கட்டும் பட்டறைகள், உலரும் வலைகள், டீசல் வாடை. படகுத்துறையில் நின்று பார்த்தால் விரிகுடாவின் எதிர்க்கரையில், வெளிறிய சுண்ணாம்புக்கல் மலையின் அடிவாரத்தில், கறுப்பாக ஒரு வாய் திறந்திருக்கிறது. அதுதான் ஃபிராங்க்தி குகை.

படகில் அக்கரை போய் இறங்கினேன். டிக்கெட் கவுண்டர் இல்லை, கூட்டமும் இல்லை. குகை ஏறத்தாழ 150 மீட்டர் உள்ளே போகிறது. எப்போதோ கூரை இடிந்து விழுந்ததில் மேலே பெரிய பொத்தல்; அந்த வழியாக வெயில் இறங்குகிறது. வீட்டளவுப் பாறைகள் உருண்டு கிடக்கின்றன. சுவரில் காட்டெருமை ஓவியம் தேடி வருகிறவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இங்கே பார்க்கவேண்டியது அகழாய்வுக் குழிகளைத்தான்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஜேக்கப்சன் 1967இல் இங்கே அகழாய்வைத் தொடங்கினார். 1976 வரை தோண்டினார்கள். சுமார் 11 மீட்டர் ஆழம் போயும் அடிப்பாறை தட்டுப்படவில்லை. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். செம்மண், அதன்கீழ் சாம்பல் நிறப் பட்டை, மறுபடி செம்மண், நடுநடுவே கல். அடியாழத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பலும் படிந்திருக்கிறது. அங்கிருந்து பொ.ஆ.மு. 3000 வாக்கில் குகை கைவிடப்படும்வரை, இடையிடையே ஆளில்லாத காலங்கள் இருந்தாலும், மனிதர்கள் வந்து தங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஜேக்கப்சன் குழுவை நான் மெச்சுவது ஒரு சின்ன விஷயத்துக்காக. தோண்டிய மண்ணை வெறுமனே கொட்டிவிடாமல் தண்ணீர்விட்டு அலசிச் சலித்தார்கள். அன்றைக்குப் பல அகழாய்வுகளில் அந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் மீன் முள்ளும் கருகிய விதையும் நத்தை ஓடும் கைக்குக் கிடைத்தன. குகைவாசிகள் சாப்பிட்டு எறிந்த மிச்சம்தான் இந்த இடத்தின் வரலாறு.

இன்று குகைவாசலிலிருந்து சில நிமிடம் இறங்கினால் காலில் அலை படுகிறது. ஆனால் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. கரை ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. இப்போது படகு போகும் இடமெல்லாம் அப்போது புல்வெளி; அங்கே மானும் காட்டுக் கழுதையும் மேய்ந்தன, வேட்டையும் நடந்தது. ஆக, இதைக் கடலோரக் குகை என்று சொல்வது அதன் ஆயுளில் கடைசிப் பகுதிக்குத்தான் பொருந்தும். பனி உருக உருகக் கடல் நெருங்கி வந்தது, சாப்பாடும் மாறியது. நத்தையைக் குவியல் குவியலாகத் தின்றிருக்கிறார்கள். காட்டுப் பாதாம், பிஸ்தா, நம் மைசூர்ப் பருப்பின் காட்டு உறவு ஆகியவற்றையும் சேகரித்திருக்கிறார்கள். காட்டுப் பாதாம் கசப்பும் நஞ்சும் கொண்டது. அதைப் பக்குவப்படுத்தக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனை வயிறு பாடுபட்டதோ!

இன்னும் மேலே, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அடுக்கில் திடீரென்று பெரிய பெரிய சூரை மீன்களின் முதுகெலும்புகள். பருவத்தில் கூட்டமாக விரிகுடாவுக்குள் நுழைந்த மீனைக் கரையோரத்தில் மடக்கினார்களா, படகில் போய்ப் பிடித்தார்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்குப் படகுக் கட்சிதான். நாஃப்ளியோ நகரின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இந்தக் குகைப் பொருள்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் உள்ள எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள்தான் காரணம். கறுத்து, பளபளத்து, சவர அலகு மாதிரி விளிம்பு. அந்தக் கல் இந்தக் கரையில் கிடையாது. வேதிச் சோதனையில் அதன் ஊர் மீலோஸ் தீவு என்று தெரிந்தது. இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். கடல் எவ்வளவு வற்றியிருந்த காலத்திலும் மீலோஸ் நிலத்தோடு ஒட்டியிருந்ததில்லை. அப்படியிருந்தும் அந்தச் சில்லு, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கிலேயே வந்துவிடுகிறது. உழவோ பானையோ வருவதற்கு எவ்வளவோ முன்பு! படகின் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. சரக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பொ.ஆ.மு. 7000 வாக்கில் கோதுமையும் வாற்கோதுமையும் செம்மறியும் வெள்ளாடும் வந்து சேர்ந்தன. மேற்காசியாவில் பழக்கப்பட்டவை அவை. குகைக்கு வெளியே, கரையோரமாக வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதி இப்போது தண்ணீருக்குள். அண்மை ஆண்டுகளில் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் இந்த விரிகுடாவில் முக்குளித்துத் தேடி, குகைக்கு வடக்கே லம்பயன்னா கடற்கரை அருகே வெண்கலக் காலத்து ஊர் ஒன்றின் சுவர்களைக் கண்டிருக்கிறார்கள். பனியுகத்து வேட்டைக்காரர்களின் புல்வெளி அதைவிட ஆழத்தில், சேற்றுக்கு அடியில் கிடக்கிறது. சலிக்க வேண்டிய மண் அங்கேதான் நிறைய இருக்கிறது.